பாறையும் மறையும்

கிறித்தவத் திருச்சபை விஞ்ஞானத்தின் பகைவன். இஸ்லாம் அதன் உற்ற தோழன். இந்த முடிவு நம் மீலாது மேடைகளிலும் சமுதாய ஏடுகளிலும் நெடுநாளாக வழங்கி வருகிறது. கலீலியோவின் பெயர் ஒலிக்காத சொற்பொழிவு அரிது. பேச்சாளர் அவருக்கு நேர்ந்த கொடுமையை உருக்கமாக எடுத்துரைப்பார், கேட்போர் தலையசைப்பர், கூட்டம் கலையும். அம்முடிவு எந்த அளவுக்கு உண்மை, அதனால் நமக்கு விளையும் நன்மை யாது என்று நின்று கேட்பவர் சிலரே. அவ்விரு வினாக்களையும் எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நம்மை நீதியினின்றும் பிறழச் செய்துவிடலாகாது என்று நம் திருமறை கட்டளையிடுகிறது. பிறர் சமயத்தை எடைபோடும் வேளையிலும் அக்கட்டளை நம்மைவிட்டு நீங்குவதில்லை. ஆகவே முதலில் தராசை நேராகப் பிடிப்போம்.

ஒகேனக்கல் பாறையின் சாட்சியம்

தொலைவில் போவானேன்? தருமபுரி மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பென்னாகரம் வட்டத்தில் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் ஒகேனக்கலைக் காணாதவரும் அதன் பெயரையேனும் கேட்டிருப்பர். பரிசலில் சென்று, அருவியில் நீராடி, மீன் வறுவல் உண்டு திரும்புவோர் பல்லாயிரவர். அவ்வட்டாரத்தில் கார்பனேட் தாதுக்கள் நிறைந்த அரியவகைத் தீப்பாறைகள் உள்ளன என்பதும், உலகில் அவ்வகையில் மிகப் பழைமையானவற்றுள் அவையும் சேர்த்து எண்ணப்படுகின்றன என்பதும் அவருள் பலர் அறியாத செய்தி.

அப்பாறைகளின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். இது ஊகத்தாற் சொன்னதன்று, அளந்து சொன்னது. பாறையில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள சமேரியம் என்னும் தனிமத்தின் ஒருவகை அணு, மெல்ல மெல்லச் சிதைந்து நியோடிமியமாக மாறுகிறது. இருப்பதில் பாதி சிதைவதற்கே ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள் செல்லும். எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால், பாறை உறைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். இறைவன் பாறைக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறான் எனலாம்.

இனி மறுபக்கம். அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் ஒரு காலவரலாற்று நூலை வெளியிட்டார். விவிலியத்தின் தலைமுறைப் பட்டியல்களையும் பண்டை அரசர்களின் ஆட்சியாண்டுகளையும் கூட்டிக் கழித்து, கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்று அவர் முடிவு கட்டினார். பிற்காலத்து ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றில் அவ்வாண்டு பக்க ஓரத்திலேயே அச்சிடப்பட்டது. படிப்போர் அதனையும் மறைமொழியாகவே கொண்டனர்.

ஆறாயிரம் ஆண்டு எங்கே, இருநூற்று நாற்பது கோடி ஆண்டு எங்கே! 'பாருங்கள், மோதல் மெய்ப்பட்டது' என்று நம் பேச்சாளர் எழக்கூடும். சற்றுப் பொறுக்க. பூமியின் வயதை ஆறாயிரத்தினின்றும் நீட்டியவர் யாவர் என்று கேட்போம். அவருள் முன்னின்றவர் சிலர் கிறித்தவ குருமாரே! ஆக்ஸ்போர்டில் புவியியல் கற்பித்த வில்லியம் பக்லண்டு ஒரு குரு. நோவாவின் வெள்ளத்துக்குப் பாறைகளிலும் குகைகளிலும் தடயம் உண்டு என்று 1823இல் நூல் எழுதிய அவரே, 1836இல் வெளியிட்ட நூலில் அக்கொள்கையைக் கைவிட்டார். கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக் மற்றொரு குரு. தாம் முன்னர் ஆதரித்த வெள்ளக் கொள்கையை விலக்கிக்கொள்வதாக, 1831இல் லண்டன் புவியியற் கழகத்தின் தலைவர் பீடத்திலிருந்தே அவர் அறிவித்தார். பாறை சொன்னதை ஏற்றனர். அதன்பொருட்டு இறைநம்பிக்கையைத் துறந்தாரல்லர்.

அவர்களுக்கு வழிகாட்டிய மரபு புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆதியாகமத்துக்கு விரிவுரை கண்ட புனித அகுஸ்தீன், படைப்பின் ஆறு நாட்களை நாம் எண்ணும் நாட்களாகக் கொள்ளலாகாது என்று கருதினார். வானையும் மண்ணையும் பற்றி எவரும் ஆராய்ந்து அறியக்கூடிய ஒன்றில், வேதத்தின் பெயரால் ஒரு கிறித்தவன் தவறாகப் பேசினால், அறிந்தோர் நகைப்பர். அந்நகைப்பு வேதத்தின்மேலும் விழும் என்று அவர் அஞ்சினார். இதற்கு நேர்மாறாக, வெள்ளக் கொள்கையை மீண்டும் தூக்கி நிறுத்திய விட்காம், மோரிஸ் என்னும் இருவரின் நூல் வெளிவந்தது 1961இல். ஆக, இருபதாம் நூற்றாண்டின் எழுத்தர்த்தவாதத்தைக் கொண்டு அச்சமயத்தின் இரண்டாயிரம் ஆண்டுச் சிந்தனை முழுவதையும் அளப்பது முறையாகாது. மோதல் இல்லை என்பதன்று நம் கூற்று. அது பெரும்பாலும் கிறித்தவ இறையியலின் உள்ளேயே, மறையை எவ்வாறு படிப்பது என்பது பற்றி நிகழ்ந்த மோதல் என்பதே நம் கூற்று.

கலீலியோவின் வழக்கும் இதற்கு விலக்கன்று. 1633இல் அவரைத் தண்டித்தது திருச்சபை. அது மறைக்கக்கூடாத அநீதி. ஆயினும் 1615இல் கிறிஸ்டினா கோமகளுக்கு எழுதிய மடலில் அவர் துணைக்கழைத்தது அதே அகுஸ்தீனைத்தான். ஞாயிற்றை நடுவில் நிறுத்திய கோப்பர்நிக்கஸும் திருச்சபைப் பணியாளரே. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால், கலீலியோவைத் தீர்ப்பிட்ட இறையியலார் பிழைபட்டனர் என ஒப்புக்கொண்டார். முந்நூற்றைம்பது ஆண்டுக் காலத் தாமதம்தான், எனினும் ஒப்புக்கொண்டார்.

யாழ்ப்பாணத்து மதி மறைப்பு

ஐரோப்பாவின் கதை அவ்வாறாக, தமிழ் மண்ணில் கிறித்தவ இறையியலும் விஞ்ஞானமும் எவ்வாறு கைகோத்தன? யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் ஓர் உயர்கல்விச் சாலையைத் தொடங்கிற்று. அதன் தலைவர் டேனியல் பூவர் என்னும் பாதிரியார். அங்கே விவிலியத்தோடு கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பஞ்சாங்கம் வல்ல விசுவநாத சாஸ்திரியார் கணித்து வெளியிட்டார். பூவரின் கணக்கோ நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபட்டது. குறித்த இரவில் ஊரார் வானை நோக்கினர். பாதிரியாரின் கணக்கே பொருந்திற்று.

இதனை மிஷனரிமார் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே பாராட்டினர். கிரகணக் கணக்குப் பிழைத்தால் புராணம் பிழை. புராணம் பிழையானால் சைவம் பிழை. சைவம் பிழையானால் கிறித்தவம் மெய். இதுவே அவர்தம் வாதத்தின் ஏணி. அந்த ஏணியின் படிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சாஸ்திரியாரின் கணக்கு முற்றும் பொய்த்ததன்று. கிரகணம் வரும் என்று அவரும் முன்கூட்டியே அறிந்திருந்தார். நுட்பத்தில்தான் வேறுபாடு. அந்நுட்பமும் விவிலியத்தினின்றும் வந்ததன்று. நியூட்டனுக்குப் பின் வளர்ந்த கணிதத்தினின்றும் வந்தது. அந்த நியூட்டனோ திரியேகக் கொள்கையை உள்ளத்தால் ஏற்காதவர் என்பதை அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் காட்டுகின்றன! கிரகணம் பாதிரியாரின் இறையியலுக்குச் சாட்சி சொல்லவில்லை. நியூட்டனைக் காட்டி, 'விஞ்ஞானம் தவ்ஹீதுக்குச் சாட்சி' என்று நம்மவர் எவரேனும் முழங்கினால், அவர் ஏறுவதும் அதே ஏணிதான்.

விளைவு என்னாயிற்று? மாணவர் விஞ்ஞானத்தை விரும்பிக் கற்றனர். சமயம் மாறியோர் மிஷன் எதிர்பார்த்த அளவினர் அல்லர். ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஆன்மாக்களை ஈட்டித் தரவில்லை என்று கண்ட அமெரிக்கத் தலைமை, 1855இல் அக்கல்விச் சாலையை மூடியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அங்கே பயின்றவர்களே. அவருள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவத்துக்குத் திரும்பிக் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். விஞ்ஞானத்தைத் தூண்டிலிரையாகக் கொண்ட இறையியல், மீன் சிக்காதபோது இரையையும் வீசி எறிந்துவிட்டது. நம் விமரிசனம் இவ்விடத்தில்தான் கூர்மை பெற வேண்டும். கலீலியோவைப் பற்றிய விமரிசனம் பிறர் எழுதித் தந்தது. இதுவோ தமிழர் தம் கண்ணாற் கண்டது.

அதே யாழ்ப்பாணத்தில் இதற்கு மாறான ஒன்றும் நடந்தது. 1847இல் வந்த மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதலிய துறைகளில் தமிழ் நூல்களை உருவாக்கினார். அவரும் சமயம் பரப்ப வந்தவரே. ஆயினும் அவருடைய நூல் நோயாளியின் சமயத்தைக் கேட்கவில்லை. விஞ்ஞானம் அங்கே ஆயுதமாகவன்றித் தொண்டாக நின்றது.

மலைகளில் ஒரு துறவி

தொண்டாக நின்ற விஞ்ஞானத்துக்கு நம் பக்கத்திலேயே மற்றொரு சான்று உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியின் தாவரவியலறிஞர் கே.எம். மேத்யூ இயேசு சபைத் துறவி. அக்கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச் சேகரத்தை உருவாக்கியவர். காவிரிக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை அவரும் அவர் குழுவினரும் ஊர் ஊராக, மலை மலையாகச் சென்று திரட்டினர். 1981இல் தொடங்கிப் பல தொகுதிகளாக அத்தாவரநூல் வெளிவந்தது. அன்றைய தருமபுரி மாவட்டத்து மலைகளும் காடுகளும் அதன் எல்லைக்குள் அடங்கியவை. 2004இல் அவர் மறைந்தார்.

அவர் செய்தது யாது? இலையின் விளிம்பு எத்தகையது, பூவிதழ் எத்தனை, காய் எம்மாதத்தில் முதிரும் என்று ஒவ்வொரு செடியாக நோக்கி எழுதுவது. ஆதியாகமத்தை மெய்ப்பிக்க ஒரு செடியையும் அவர் சாட்சிக்கூண்டில் ஏற்றத் தேவையிருக்கவில்லை. படைத்தவன்மீது நம்பிக்கையுடையவர், படைப்பை உள்ளபடி எழுதினார். அந்நூலை முஸ்லிம் மாணவரும் இந்து மாணவரும் நாத்திக மாணவரும் ஒன்றேபோல் பயன்கொள்ளலாம். கிறித்தவ இறையியலுக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவுகளில் நாம் மதிக்கத்தக்கது இதுவே. இறைநம்பிக்கை உழைப்புக்கு ஊக்கம் தந்தது. உழைப்பின் முடிவை முன்கூட்டியே எழுதித் தரவில்லை.

இவ்வுறவைச் சொல்லாலும் தெளிவுபடுத்தியவர் பெல்ஜியத்துக் குருவானவர் ஜார்ஜ் லமேத்ர். அண்டம் விரிகிறது என்று 1927இலும், அது ஓர் ஆதி அணுவினின்றும் தோன்றியிருக்கலாம் என்று 1931இலும் கணிதத்தால் உரைத்தவர் அவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் இப்போது படைப்புக்குச் சாட்சி பகர்கிறது என்னும் பொருள்பட மகிழ்ந்து உரையாற்றினார். மகிழ வேண்டிய லமேத்ரோ வருந்தினார். தம் கொள்கை பௌதிகத்தைச் சேர்ந்தது. அது சமயத்தை மெய்ப்பிப்பதுமன்று, பொய்ப்பிப்பதுமன்று என்பது அவர் துணிபு. மறு ஆண்டு உரோமையில் வானநூலார் மாநாட்டில் பேசிய போப், அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. தம் சமயத் தலைவரே தம் ஆராய்ச்சியைக் கொடியாக உயர்த்தியபோது, 'அக்கொடியைத் தாழ்த்துக' என்று வேண்டிய நேர்மை அது.

நமக்குரிய பாடம்

இனி நம் பக்கம் திரும்புவோம். 'சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே போர்' என்னும் கதை நம் முன்னோர் வகுத்ததன்று. 1874இல் அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் எழுதிய நூலால் பெரிதும் பரவியது. கத்தோலிக்கத் திருச்சபையைச் சாடிய அவர், அரபு விஞ்ஞானத்தைப் புகழ்ந்தார். அப்புகழ்ச்சி முஸ்லிம் உலகுக்கு இனித்தது. துருக்கியின் அஹ்மத் மிதஹத் அந்நூலைத் தம் மொழியில் பெயர்த்து, இஸ்லாத்துக்கு அத்தகைய மோதல் இல்லை என்று விளக்கமும் எழுதினார். ஆனால் அதே கோல் நம் முதுகிலும் விழுந்தது. 1883இல் பாரிசில் எர்னஸ்ட் ரெனான், இஸ்லாமே விஞ்ஞானத்தின் பகை என்று உரையாற்றினார்; ஜமாலுத்தீன் ஆப்கானி மறுமொழி எழுத வேண்டியதாயிற்று. அண்டை வீட்டாரை அடிக்க இரவல் வாங்கிய கோல், இரவல் தந்தவன் கையில் நமக்கும் கோலே.

1976இல் வெளிவந்த பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புக்கையின் நூல் நம் இல்லங்களில் பெரிதும் போற்றப்படுவது. விவிலியத்தையும் திருக்குர்ஆனையும் விஞ்ஞானத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது அந்நூல். இளைஞரிடையே திருமறையை ஓதும் ஆர்வத்தை அது வளர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் முறை ஆராயத்தக்கது. விவிலியத்தின் சொல்லுக்கு மிகக் குறுகிய பொருளும், திருமறையின் சொல்லுக்கு மிக விரிந்த பொருளும் கொண்டு அளப்பது ஒரே தராசாகுமா? அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. விஞ்ஞானம் தன் கூற்றைத் தானே திருத்திக்கொண்டு வளர்வது. இன்றைய கொள்கையை ஆயத்துக்கு முத்திரையாகக் குத்தினால், நாளை அக்கொள்கை மாறும்போது முத்திரையை எங்கே ஒளிப்பது? மாறாத மறையை மாறும் ஒன்றின் தயவில் நிறுத்துவது மறைக்குச் செய்யும் மரியாதையாகாது.

நம் மரபு இதனை அறியாததன்று. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'தஹாஃபுத்' நூலின் முன்னுரையில், கணிதத்தால் நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுபவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று எச்சரித்தார். அகுஸ்தீனின் அச்சமும் இமாமின் எச்சரிக்கையும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காண்க. அல்பிரூனியோ, இந்தியாவைப் பற்றிய தம் நூலில், மலையடியில் பெருங்கற்களும் தொலைவில் சிறு கற்களும் கழிமுகத்தில் மணலும் கிடப்பதை நோக்கி, இந்நாட்டுச் சமவெளி முன்னொரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகளின் வண்டலால் தூர்ந்தது என்று கண்டார். கல்லைக் கல்லாகவே படித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரி. அவர்தம் அருமைக் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நபிமகனுக்காக ஞாயிறும் துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசினர். நபித்துவத்துக்கு வானமே சாட்சி என்று காட்ட அதனினும் வாய்ப்பான நேரம் வேறுண்டா? நாயகமோ அப்பேச்சை ஏற்கவில்லை. ஞாயிறும் திங்களும் இறைவனின் இரு அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்கோ பிறப்புக்கோ அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தித் தொழுகைக்கு அழைத்தார்கள். வட்டுக்கோட்டையில் கிரகணத்தைத் தம் சமயத்துக்குச் சாட்சியாக்கியவரையும், மதீனாவில் வலிய வந்த கிரகணச் சாட்சியத்தை மறுத்தவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாம் யாருடைய வழியினர் என்பதை நம் மேடைகள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழகத்திலேயே அது கடைசி இடம். அம்மாவட்டத்துப் பல ஊர்களில் பிள்ளைகளின் பல் பழுப்பேறியும், முதியோர் எலும்பு வளைந்தும் துன்புற்றனர். நிலத்தடிப் பாறைகளின் தாதுக்களினின்றும் கசிந்த ஃபுளூரைடு கிணற்று நீரில் மிகுந்ததே காரணம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டதும் அக்கேட்டைத் தணிக்கவே. அந்நீரை அளந்தவரும் குழாய் வகுத்தவரும் எந்த மறைநூலையும் மெய்ப்பிக்கப் புறப்படவில்லை. தாகத்துக்கு விடை தேடினர். ஆயினும் தாகித்தவர்க்கு நல்ல நீர் தருவது தருமம் என்று எல்லா மறைகளும் அவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தன.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விழைவது இது: கிறித்தவரின் விஞ்ஞானப் பிழைகளைப் பட்டியலிடுவதில் பிள்ளைகளின் நேரம் கழிய வேண்டாம். அவர்தம் பிழையில் படிப்பினையும் அவர்தம் தொண்டில் முன்மாதிரியும் கொள்வோம். நம் பிள்ளை பாறையின் வயதை அளக்கட்டும். கிணற்று நீரைச் சோதிக்கட்டும். மலைச் செடியின் பெயரைக் கற்கட்டும். அவ்வேளையில் அவன் நாவில் 'சுபுஹானல்லாஹ்' எழுமானால், அது அண்டை வீட்டாரை வென்ற களிப்பாக இல்லாமல், படைத்தவனை வியந்த பணிவாக இருக்கட்டும்.